கல்லீரல் நோயாளிக்கு மீனை நிறுத்த வேண்டுமா?

கல்லீரல் சுருங்கிப் புத்தி தடுமாறத் தொடங்கியவருக்கு மீன், முட்டை, பருப்பு மூன்றையும் அறவே நிறுத்தினால்தான் அம்மோனியா (இரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும் புரதக் கழிவு) இறங்கும் என்று ஒரு சகோதரர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். இராமநாதபுரம் கடலோரத்து மண்டபம், கீழக்கரைப் பக்கம் மீனில்லாத சோறு அரிது என்பதால், இந்த யோசனை நேராக அடுப்படிக்குள் போய்விடும். ஆகவே பணிவுடன் மறுக்கிறேன்.

முன்பு மருத்துவர்களே அப்படிச் சொன்னதுண்டு. இன்று அது கைவிடப்பட்ட முறை. கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற இயலாமல் திணறும்போது, அதை அகற்றும் வேலையில் ஒரு பங்கைத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. புரதத்தைக் குறைத்தால் தசை கரைந்து அந்தத் துணையும் போய்விடுகிறது. தடுமாற்றம் திடீரென முற்றுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது மலச்சிக்கல், நோய்த்தொற்று, குடலில் இரத்தக்கசிவு, நீரிழப்பு, தூக்க மாத்திரை போன்றவையே. (கருவாடு வேறு கதை, வயிற்றில் நீர் கோத்தவருக்கு அதன் உப்பு ஆகாது.)

அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் இந்தப் புத்தித் தடுமாற்றம் பற்றி இணைந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலை இணையத்தில் எவரும் தேடிப் படிக்கலாம். அதன் ஊட்டச்சத்துப் பகுதியில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று பரிந்துரைக்கப்பட்டுள்ளது. நீர் கோத்த எடையைக் கழித்து 60 கிலோ இருப்பவருக்கு அது 72 முதல் 90 கிராம் ஆகும். ஆங்கிலம் கடினமெனில், உங்கள் நோயாளிக்கு எத்தனை கிராம் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.