டியோரம் கோட்டைச் சுவரில் சிமெண்ட் படக் கூடாது

நேற்று ஸ்காட்லாந்தின் டியோரம் கோட்டை இடிபாட்டின் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "ரெண்டு மூட்டை சிமெண்ட்டைக் கரைச்சு ஊத்தினா முடிஞ்சுது, இதுக்கு ஏன் இத்தனை வருஷ இழுபறி?" என்று ஒருவர் எழுத, அத்தனை பேர் ஆமோதிக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. அந்தச் சுவரில் சிமெண்ட் படக் கூடாது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மொய்டார்ட் கடலேரியில் இருக்கும் பாறைத் தீவில் நிற்கிறது அந்தக் கோட்டை. நீர் வற்றினால் மணலில் நடந்தே போகலாம். கேலிக் மொழியில் 'டியோரம்' என்றால் 'உலர்ந்த'. கிளான்ரனால்டு குலத்தாரின் கோட்டை வீடு. 1715இல் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று குலத்தலைவரே கொளுத்தச் சொன்னார். கூரை போனதிலிருந்து மழை சுவரின் தலையில் நேராக இறங்குகிறது. 2000இல் வடமேற்கு மதிலில் ஒரு பகுதி சரிந்தே விட்டது.

இந்த மாதிரி மதிலுக்கு உள்ளும் புறமும் முகக்கல், நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். இறங்கும் தண்ணீர் நடுக்காரையைக் கரைக்கும், பொந்து விழும், சுவர் வயிறு தள்ளும், முகக்கல் கழன்று விழும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும். கடல் உப்பு கல்லுக்குள் படிகமாகி முகத்தையே உதிர்க்கும். தேய்ந்தால் காரை தேயட்டும், மாற்றலாம். சிமெண்ட் பூசினால் கல் தேயும். கல்லுக்கு எங்கே போவது?

செய்ய வேண்டியது வேறு. உதிர்ந்த காரையைக் கையாலேயே, இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம்வரை சுரண்ட வேண்டும். சுவரில் முளைத்த செடியின் வேரை வெட்டலாம், பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். நல்ல தண்ணீரில் நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல் கலந்து, சில்லுக்கல் ஆப்பு வைத்து அடைக்க வேண்டும். கரை மணலை அள்ளிப் போட்டால் உப்பும் கூடவே உள்ளே போகும். பிறகு நனைத்த கோணிச்சாக்கு போர்த்திக் காய விடாமல் காக்க வேண்டும். சுவரின் தலைக்குப் புல்தரை மூடாக்கு நல்லது.

"கடல் பாலமே சிமெண்ட்தானே?" என்று கேட்கிறார்கள். பாலம் சிமெண்ட்டாகவே பிறந்தது. இது சுண்ணாம்பில் பிறந்தது.

"சுண்ணாம்புக்கு நாளாகும்." ஆகும், மறுக்கவில்லை. 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் வேலையை நிறுத்தியாக வேண்டும். சாமான் கொண்டுபோகவும் கடல் வற்றும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

"ஸ்டாக்கர் கோட்டையை எழுப்பவில்லையா?" அதுவும் ஸ்காட்லாந்தில் இடிந்து கிடந்த கோட்டைதான்; எழுப்பினார்கள், கூரையும் போட்டார்கள். 1965இல் தொடங்கி ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது. இரண்டு மூட்டையில் முடியவில்லை.

கடைசியாக ஒருவர், "எவனோ வீட்டு இடிபாடு, உங்களுக்கென்ன?" என்றார். அதுதான் சுட்டது. பழைய சுண்ணாம்புக் காரையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சூடு ஆறுமுன் குழைத்ததில் கரையாமல் நின்றவை. பெயர் தெரியாத ஒரு கொத்தனாரின் கைவேலை அது. அதன் மேல் சிமெண்ட்டை ஊற்றச் சொல்கிறீர்கள்.