மஞ்சள் கடுதாசி அனுப்பினால் கடன் தீராது

"வக்கீல் மூலம் மஞ்சள் கடுதாசி அனுப்பினால் கடன் முடிந்தது, முதலில் வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிடுங்கள்" என்று கடனில் தவிப்பவர்களிடம் சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடுதாசி என்பது, கடனைக் கட்ட முடியவில்லை என்று கடன் கொடுத்தவர்களுக்குச் சொல்லும் வெறும் அறிவிப்புதான். 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி (சென்னை நகருக்கு 1909 சட்டம்) மனு போட்டு, நீதிமன்றம்தான் உங்களை நொடித்தவர் (கடனைக் கட்ட முடியாதவர்) என்று அறிவிக்க வேண்டும். அறிவித்ததும் சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போய்விடும். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் பணம் வாங்காமல் எழுதிக்கொடுத்த வீட்டையும் ரத்து செய்யலாம். வேண்டுமென்றே மறைத்தால் சிறைகூட உண்டு. கடன்களிலிருந்து நீதிமன்றம் விடுவித்த பிறகும் அரசு பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் அப்படியே நிற்கும். அப்புறம், உங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானோ நண்பரோ அந்தக் கடனிலிருந்து தப்ப முடியாது. மனு போடும் முன் அவரிடம் பேசிவிடுங்கள்.