பெற்றது பிளாக் சபாத், வளர்த்தது ஜூடஸ் பிரீஸ்ட்

ஹெவி மெட்டல், அதாவது கனத்த எலக்ட்ரிக் கிட்டார் சத்தத்தில் ஓடும் ராக் இசை, கேட்கிற நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். இந்த இசையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த பேண்ட் எது? போன வாரம் எங்களுக்குள்ளும் வந்தது. ஒருவர் லெட் செப்பலின் என்றார், ஒருவர் டீப் பர்ப்பிள், இன்னொருவர் அயர்ன் மெய்டனைத் தவிர வேறு பெயரைக் காதில் வாங்கவே இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு எழுந்து வரும்போது நான் சொல்ல வந்ததில் பாதி வாயிலேயே நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம், ஆஸ்டன் பகுதி, பிளாக் சபாத். பிற்பாடு அதன் கிட்டார்காரரான டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. தகரப் பட்டறையில் வேலை. முழுநேரமாக கிட்டார் வாசிக்கப் போகிறோம் என்று வேலையை விட்டாயிற்று, அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிமேல் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். வராத ஒருவருக்குப் பதிலாக அவருக்குப் பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். அதாவது கம்பிகளை அழுத்த வேண்டிய கையே அதுதான்.

பட்டறை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிட்டார் வாசித்த மேதை அவர். அதைக் கேட்ட பிறகு அயோமி பாத்திரம் கழுவும் திரவ பாட்டில் ஒன்றை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார். கம்பி வழுக்காமல் இருக்க மேலே தோல் ஒட்டினார். தடித்த கம்பியை அழுத்தினால் வலித்தது, அதனால் பாஞ்சோ கம்பி மாதிரி மெல்லியதைப் போட்டார். அப்புறம் 1971-ல் மூன்றாவது ஆல்பத்தில் ஸ்ருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தது, சத்தம் கனத்தது. இன்று மெட்டலின் கிளைகளான டெத் மெட்டல், டூம் மெட்டல் வாசிக்கிற பையன்கள் கிட்டாரை எடுத்தவுடன் ஸ்ருதியை இறக்குகிறார்களே, அந்தப் பழக்கம் ஒரு விரல் வலியிலிருந்து வந்தது.

முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. மழை, தேவாலய மணி, பிறகு அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு. மொத்தம் மூன்றே சுரம். நம் கணக்கில் சொன்னால் கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமத்தில் ஒரு நடுக்கம். அவ்வளவுதான். கல்யாணியில் இதே பிரதி மத்தியமம் காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே எவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்கிறது! அக்கம்பக்கத்துச் சுரங்களை எல்லாம் எடுத்துவிட்டு அதை மட்டும் தனியாக இருட்டில் நிறுத்தினால் வயிற்றைப் பிசைகிறது. மேற்கத்திய இசையில் இந்த இடைவெளிக்கு ‘இசையில் சாத்தான்’ என்றே ஒரு பழைய பெயர் உண்டு. பாஸ் வாசிக்கும் கீசர் பட்லர் அதற்கு முன்பு ஹோல்ஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ‘மார்ஸ்’ பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்துதான் அயோமிக்கு இந்த ரிஃப் வந்தது. வீட்டில் தம்பூராவை ஓட விட்டு இந்த மூன்று சுரத்தையும் மெதுவாகப் பாடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

லெட் செப்பலின் பெரிய பேண்ட், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்களின் வேர் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலும் நாட்டுப்புற இசையிலும் இருக்கிறது, அவர்கள் கிளை பிரிந்தது ஹார்ட் ராக் பக்கம். டீப் பர்ப்பிளுக்குக் கொஞ்சம் கூடவே கடன்பட்டிருக்கிறோம். 1972-ல் ‘ஹைவே ஸ்டார்’ பாட்டில் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் தனியாக வாசித்த சோலோவில், பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் வாடை அடிக்கும். வேகத்தையும் மேற்கத்திய சாஸ்திரீய சங்கீதத்தையும் ஒன்றாக ஓட்டலாம் என்று காட்டியது அதுதான். இவர்களுக்கும் முன்னால் 1968-லேயே ப்ளூ சியர் காது கிழிய வாசித்தார்கள், 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் கிட்டார் ஒலிபெருக்கியின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தார். சரி, இதெல்லாம் விதை.

இனிமேல்தான் என் கட்சி. சபாத்தை இன்று கேளுங்கள். அயோமியை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவர் கையில் ஒரு ஊஞ்சல் ஆட்டம் இருக்கும், ப்ளூஸும் கூடவே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்தி, ப்ளூஸைக் கழற்றி வைத்து, மெட்டலை ராக்கிலிருந்து தனியாக வெட்டி எடுத்தது அதே பர்மிங்காம் வட்டாரத்தின் இன்னொரு பேண்ட், ஜூடஸ் பிரீஸ்ட். பெற்றது தேவகி என்றால் வளர்த்த யசோதை இவர்கள்தான். வளர்ச்சிக்கு யார் காரணம் என்று கேட்டால் யசோதையைத்தானே சொல்ல வேண்டும்?

1976-ல் வந்த ‘சேட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி’ ஆல்பத்திலேயே பிரிவினை ஆரம்பித்துவிட்டது. கே.கே. டவுனிங், கிளென் டிப்டன் என்று இரண்டு கிட்டார். இரட்டைக் கிட்டாரை விஷ்போன் ஆஷும் தின் லிசியும் முன்பே வாசித்தார்கள் என்பது உண்மைதான். பிரீஸ்ட் அதை எஃகாக்கினார்கள். ஒருவர் சோலோவை விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பார், நாதஸ்வர ஜோடி மாதிரி. மேலே ராப் ஹால்ஃபோர்டின் குரல், கீழிருந்து உச்சிக்கு ஒரே மூச்சில். 1978-ல் ‘எக்சைட்டர்’ பாட்டில் இரண்டு கால்களாலும் பேஸ் டிரம் உருளும். பிற்பாடு வந்த, அசுர வேகத்தில் ஓடும் திராஷ் மெட்டல் அந்த உருளலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கனடாவில் ஒரு திராஷ் பேண்ட் தன் பெயரையே எக்சைட்டர் என்று வைத்துக்கொண்டது. ஸ்லேயர் 1988-ல் பிரீஸ்டின் பாட்டு ஒன்றைத் தங்கள் ஆல்பத்தில் வாசித்தார்கள். தோல் ஜாக்கெட், உலோகக் குமிழ், மேடைக்கே ஓட்டி வருகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் இவர்கள் கொடுத்த சீருடை.

நான் கிட்டார் பிடிக்கக் கற்றுக்கொண்டபோது நண்பர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், வலது உள்ளங்கையின் விளிம்பைப் பாலத்தின் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டையின்) ஓரம் கம்பி மேல் லேசாக வைத்து, கீழ்நோக்கியே அடிப்பது. கம்பி முழுதாகப் பாடாது. ‘ஜக்-ஜக்-ஜக்’ என்று தறி ஓடுகிற மாதிரி கேட்கும். பாலத்தை விட்டுக் கை தள்ளிப்போனால் சத்தம் செத்துவிடும், பாலத்தின் மேலேயே ஏறிவிட்டால் சிதறிவிடும். அந்த இடம் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. பிடிபட்ட அன்று நான் வாசித்தது 1980-ல் வந்த ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தின் பாட்டுதான். மெட்டல் கிட்டார் என்றால் இன்று உலகம் முழுக்கக் காதில் விழுவது இந்தச் சத்தம்தான்.

அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பதிவு செய்த ஒலிகளை வேண்டிய இடத்தில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாம்ப்ளர் கருவி வசதி அவர்களிடம் இல்லை. கண்ணாடி உடைகிற சத்தம் வேண்டும் என்றால் பால் பாட்டிலை உடைத்தார்கள். இரும்பு மனிதர்கள் நடந்து வருகிற சத்தத்துக்கு ஸ்பூன், முள்கரண்டித் தட்டைக் குலுக்கினார்கள். உலோகத்தின் சத்தம் அவர்களுக்குப் புதிதும் அல்ல. ஹால்ஃபோர்ட் வளர்ந்தது வார்ப்படப் பட்டறைகள் சூழ்ந்த ஊரில்.

அயர்ன் மெய்டன் நண்பருக்கு ஒரு வார்த்தை. 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்து நம்மில் பலர் நேரில் பார்த்த முதல் பெரிய மெட்டல் பேண்ட் அவர்கள், அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் 1980-ல் பிரீஸ்டின் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் வாசித்துப் பேர் வாங்கியவர்கள்தான் மெய்டன். மோட்டார்ஹெட் இல்லாமல் திராஷ் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதன் பாடகர் லெம்மியோ கடைசிவரை மேடையில் நாங்கள் ராக் அண்ட் ரோல் வாசிக்கிறோம் என்றுதான் சொன்னார். பிரீஸ்ட் மட்டும்தான் ஆமாம், நாங்கள் ஹெவி மெட்டல் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் சபாத்தின் கடைசிக் கச்சேரி. மெட்டாலிகா, ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ், பான்டெரா என்று பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பிரீஸ்ட் வர முடியவில்லை, அன்றே ஜெர்மனியின் ஹனோவரில் ஸ்கார்பியன்ஸின் 60-வது ஆண்டு விழாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பல பேண்டுகளிலிருந்து சேர்ந்த ஒரு குழு மேடையேறி பிரீஸ்டின் ‘பிரேக்கிங் தி லா’ வாசித்தது, பிரீஸ்டை விட்டு முன்பே விலகியிருந்த கே.கே. டவுனிங் கிட்டாருடன் நின்றார். ஊரே சேர்ந்து பாடியது. அப்புறம் இரவில், சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் ‘பாரனாய்ட்’ பாடி முடித்தார். 17 நாள் கழித்து அவர் போய்விட்டார்.