மிதக்கும் டாங்கிக்குப் படகோட்டிதான் வேண்டும்

அக்காவின் மகன் போன வாரம் கொப்பியில் ஒரு டாங்கி வரைந்து கொண்டுவந்தான். சக்கரம் இல்லை, சங்கிலி இல்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. “மாமா, இது உண்மையா ஓடுமா?” என்றான். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். இப்படி ஒரு கேள்வி வந்தால் நித்திரை வராது.

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 60 டன். மேலிருந்து பார்த்தால் 29 சதுர மீட்டர். அந்த இடத்துக்குள் விசிறிகளை அடக்கி, காற்றைக் கீழே தள்ளித் தூக்க, எந்த இழப்பும் இல்லையென்று வைத்தாலும் 54 மெகாவாட் வலு வேண்டும். அதாவது 72,000 குதிரைவலு. அதில் இப்போது இருக்கும் எஞ்சின் 1,500. கீழே பாயும் காற்றின் வேகம் மணிக்கு 660 கிலோமீட்டர்.

அது எவ்வளவு என்று திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஹெலி இறங்கும்போது மைதானத்து ஓரம் நின்றிருக்கிறோம். மணல் முழங்காலில் ஊசியாய்க் குத்தும், பக்கத்துக் கொட்டிலின் தகரம் தடதடவென்று எழும்பும். எம்ஐ-17 ஹெலி முழுப் பாரத்தோடு 13 டன், சுழலியின் விட்டம் 21 மீட்டர். அதன் காற்று மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. அதற்கே அந்தப் பாடு. நிலாவெளி மணலில் 660 என்றால் பதுங்கி வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, காற்று மெத்தை? அடியில் காற்றை அடைத்து அதன் மேல் மிதந்து போவதுதான் ஹோவர்கிராஃப்ட். 1959 ஜூலை 25 அன்று முதல் ஹோவர்கிராஃப்ட் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. இன்று அமெரிக்கக் கடற்படையின் எல்கேக் என்ற ஹோவர்கிராஃப்ட் ஓர் ஏப்ரம்ஸைச் சுமந்து கரையேறும். ஆனால் அதற்கு 26 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், நான்கு காஸ் டர்பைன்கள். அடியில் ரப்பர் பாவாடை. அங்கேயும் டாங்கி மிதக்கவில்லை, மிதப்பதன் மேல் ஏறிப் போகிறது.

இதையெல்லாம் தள்ளிவிட்டு, கதைக்காக ஒரு புது எஞ்சின் தூக்குகிறது என்றே வைப்போம். அதை நான் மனதார ஏற்றுக்கொள்வேன். எனக்குக் கவலை அதற்கு அப்புறம் வருவதுதான். தூக்கிவிட்டால் உராய்வு போய்விடும், திணிவு போகாது. 60 டன்னும் அப்படியே இருக்கும். ஆனால் நம் கதைகளிலும் கேம்களிலும் அது தார் ரோட்டில் கார் மாதிரி வளைகிறது, பிரேக் போட்டதும் நிற்கிறது.

நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போகும் படகில் ஏறினால், ஓட்டுகிற அண்ணனின் கையைப் பாருங்கள். கரைக்கு நல்ல தூரம் இருக்கும்போதே எஞ்சினைக் குறைத்துவிடுவார். திருப்பும்போது முன்பக்கம் முதலில் திரும்பும், படகு கொஞ்ச நேரம் பழைய திசையிலேயே வழுக்கிப் போகும். அங்கே பிடித்துக்கொள்ளத் தண்ணீராவது இருக்கிறது. மிதக்கும் டாங்கிக்கு அதுவும் இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டரில், 50 மீட்டர் ஆரை வளைவு ஒன்றை எடுக்கட்டும். தூக்கும் விசையாலேயே திரும்புவதென்றால் ஹெலி மாதிரி 30 பாகை சாய வேண்டும். டாங்கியின் அகலம் 3.6 மீட்டர், சாய்ந்தால் ஓரம் 90 சென்டிமீட்டர் கீழே இறங்கும். மிதக்கும் உயரமே ஒரு மீட்டர்தான். வழியில் ஒரு பனங்கொட்டை கிடந்தாலே தட்டும்.

பீரங்கியின் பின்னுதைப்பைத்தான் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். 60 டன்னை அது விநாடிக்கு அரை மீட்டர்கூடத் தள்ளாது. ஆனால் தள்ளியதை நிறுத்த ஆளில்லை. கச்சான் காற்றும் அப்படித்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் பக்கவாட்டாக அடித்தால், சும்மா நிற்கும் டாங்கி ஒரு நிமிடத்தில் நாம் மெதுவாக ஓடும் வேகத்துக்கு வந்துவிடும். சரிவில் நிறுத்தவே முடியாது. ஓட்டுபவர் நொடிக்கு நொடி எதிர்விசை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படி எழுதினால் கதை கெட்டுவிடும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வெகு தூரத்துக்கு முன்பே டாங்கியை நிறுத்தத் தொடங்க வேண்டிய ஒருவனின் பயத்தை எழுதிப் பாருங்கள்.

மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டுப் போனான். நேற்றுப் புதுப் படம் கொண்டுவந்தான். டாங்கி அகலமாகித் தட்டையாகியிருக்கிறது, நான்கு பக்கமும் விசிறி. முகப்பு ஒரு பக்கம் பார்க்கிறது, பீரங்கி இன்னொரு பக்கம். போகிற திசையைக் காட்ட, இரண்டுக்கும் சேராமல், சிவப்புப் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறான்.