ஜெயித்த பிறகு எந்த நாட்டுக்குப் போவது?

வழக்கு போடலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் "ஜெயிப்போமா?" என்றுதான் கேட்கிறார்கள். எதிராளியோ அவருடைய சொத்தோ வேறு நாட்டில் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. "ஜெயித்தால் எதை ஜப்தி செய்வோம், அது எந்த நாட்டில் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் வருடக்கணக்கில் வழக்கு நடத்திவிட்டு, முத்திரை குத்திய தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஒரு நாட்டு நீதிபதியின் உத்தரவு அந்த நாட்டு அமீனாவோடு நின்றுவிடும். பக்கத்து நாட்டு வங்கி மேலாளரிடம் அதே உத்தரவை நீட்டினால் அவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "சரி, இதை நாங்கள் ஏற்கிறோம்" என்று அவருடைய நாட்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அங்கே எதுவும் நகரும். எதை வைத்து அந்த நீதிமன்றம் ஏற்கிறது, எதை வைத்துத் தள்ளுகிறது என்பதில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கப்பல் கதை. 2001-ல் அர்ஜென்டினா தன் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதன் கடன் பத்திரங்களை வாங்கியிருந்த பெரும்பாலான பத்திரதாரர்கள் பின்னால் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள். என்.எம்.எல். கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி, உலகம் முழுக்க அர்ஜென்டினாவின் சொத்தைத் தேடியது. 2012 அக்டோபரில் அர்ஜென்டினா கடற்படையின் மூன்று பாய்மரப் பயிற்சிக் கப்பல் 'லிபர்டாட்' கானாவின் தேமா துறைமுகத்துக்கு வந்தது. நிறுவனம் கானா நீதிமன்றத்துக்கு ஓடியது, கப்பல் சிறைபிடிக்கப்பட்டது. நவம்பரில் துறைமுக அதிகாரிகள் கப்பலை வேறு இடத்துக்கு நகர்த்தப் போனபோது மாலுமிகள் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தார்கள். ஆரம்பத்தில் இது ஒரு கடன் வசூல் வழக்கு என்பதை மறந்துவிடக் கூடாது! கடைசியில் ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் தலையிட்டது. போர்க்கப்பலைக் கடனுக்காகப் பிடிக்க முடியாது, நிபந்தனையில்லாமல் விடுங்கள் என்று டிசம்பர் 15 அன்று உத்தரவிட்டது.

அந்த நிறுவனத்துக்கு 2016-ல் சமரசத்தில் பணம் வந்தது. கப்பலைப் பிடித்ததால் வரவில்லை. "இவர்களுக்குக் கொடுக்காமல் மற்ற பத்திரதாரர்களுக்கும் கொடுக்கக் கூடாது" என்று நியூயார்க் நீதிமன்றம் போட்ட தடையால் வந்தது. மற்றவர்களுக்குப் போகும் பணம் நியூயார்க் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஆக, கடல் கடந்து தேடியதைவிடத் தீர்ப்பு சொன்ன ஊரிலேயே பணம் போகும் வழியை அடைத்தது அதிகம் வேலை செய்தது.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். அதன் பெயர் பரஸ்பரம். "உங்கள் நாடு எங்கள் தீர்ப்பை மதித்தால்தான் நாங்கள் உங்கள் தீர்ப்பை மதிப்போம்" என்ற கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதன் பிரபலமான வழக்கு 1895-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹில்டன் எதிர் கியோ. ஹில்டனும் அவருடைய கூட்டாளியும் நியூயார்க்கிலும் பாரிஸிலும் வியாபாரம் செய்தவர்கள். பாரிஸ் கையுறை நிறுவனம் ஒன்றோடு கணக்குத் தகராறு வந்து, பிரெஞ்சு நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடித் தோற்றார்கள். தீர்ப்பை நிறைவேற்ற எதிர்த்தரப்பு அமெரிக்காவுக்கு வந்தது. பிரான்ஸ் வெளிநாட்டுத் தீர்ப்புகளை அப்படியே ஏற்பதில்லை, வழக்கை முதலிலிருந்து கிளறிப் பார்க்கிறது, அதனால் நாங்களும் இதை முடிவானதாக ஏற்க மாட்டோம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் தண்டனை யாருக்கு என்று பாருங்கள். பிரெஞ்சு நீதிமன்றங்கள் வெளிநாட்டுத் தீர்ப்புகளைக் கிளறிப் பார்த்ததற்கு அந்தக் கையுறை வியாபாரி பொறுப்பா? அவர் சட்டம் இயற்றவில்லை, நீதிபதியாகவும் உட்காரவில்லை. கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்டார், அவ்வளவுதான். இரண்டு அரசுகளுக்கு நடுவே உள்ள மனக்கசப்பின் செலவை ஒரு தனிமனிதரின் பையிலிருந்து எடுக்கிறோம். ஹில்டனுக்கோ ஒரு நாட்டில் தோற்றுவிட்டு இன்னொரு நாட்டில் மறுபடி ஆட்டம் ஆட வாய்ப்பு கிடைத்தது. 1926-லேயே நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் எங்களுக்கு இந்த நிபந்தனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிரான்ஸும் 1964-ல் தீர்ப்பின் உள்ளே புகுந்து கிளறுவதைக் கைவிட்டது. ஆனால் கொள்கை சாகவில்லை.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானும் சீனாவும் சாட்சி. 1994-ல் சீனாவின் டாலியன் நீதிமன்றம் ஒரு ஜப்பானியத் தீர்ப்பை, இரு நாட்டுக்கும் ஒப்பந்தமோ பரஸ்பரமோ இல்லை என்று தள்ளியது. 2003-ல் ஒசாகா உயர் நீதிமன்றம் ஒரு சீனத் தீர்ப்பைத் தள்ளியது. காரணம்? சீனா ஜப்பானியத் தீர்ப்புகளை ஏற்பதில்லையாம். நீ முதலில், நான் அப்புறம் என்று இரண்டு பக்கமும் நின்றால் ஒருவரும் நகர முடியாது. யாராவது ஒருவர் முதலில் இறங்கி வர வேண்டும். சிங்கப்பூர் நீதிமன்றம் 2014-ல் ஒரு சீனத் தீர்ப்பை ஏற்றது. 2016-ல் நான்ஜிங் நீதிமன்றம் அதையே காரணமாகச் சொல்லி ஒரு சிங்கப்பூர்த் தீர்ப்பை ஏற்றது. முதலில் இறங்கி வந்ததால் சிங்கப்பூர் எதை இழந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் எந்த நாட்டிலிருந்து என்ன தீர்ப்பு வந்தாலும் தலையாட்ட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். கூடாது. ஆனால் பார்க்க வேண்டியது தீர்ப்பு வந்த விதத்தை. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதைக் கச்சிதமாகவே சொல்கிறது: அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததா, விஷயத்துக்குள் போய் முடிவு செய்ததா, இயற்கை நீதி (இரு தரப்பும் பேச நியாயமான வாய்ப்பு) கடைப்பிடிக்கப்பட்டதா, மோசடி நடந்ததா என்று கேட்கிறது. எதிராளிக்குச் சம்மன் ஒழுங்காகப் போகவில்லை, அவர் வரவில்லை, சாட்சியத்தைப் பார்க்காமலே எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, என்றால் அதைத் தள்ளுவது சரிதான். 1908-ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய குறை இல்லை.

குறை அடுத்த கட்டத்தில். பரஸ்பரம் உள்ள நாடு என்று இந்திய அரசு அரசிதழில் அறிவித்த நாடு என்றால் அதே சட்டத்தின் 44ஏ பிரிவின்படி அந்த நாட்டு உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்பை நேரே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்று மனு போடலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2020-ல்தான் சேர்ந்தது. அமெரிக்கா இல்லை. அமெரிக்கத் தீர்ப்போடு வருபவர் அந்தத் தீர்ப்பையே ஆதாரமாக வைத்து, மூன்று ஆண்டுக்குள் புது வழக்கு போட வேண்டும். ஒரே மாதிரி நேர்மையாக நடந்த இரண்டு வழக்குகள். ஒன்றுக்கு நேர் வழி, இன்னொன்றுக்கு மறுபடியும் ஒரு வழக்கு. வித்தியாசம் அரசிதழ் அறிவிப்பில் மட்டும்!

மோசடியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க எண்ணெய் நிறுவனமான ஷெவ்ரானின் வழக்கே போதும். ஈக்வடாரின் எண்ணெய் மாசுக்காக அந்நாட்டு நீதிமன்றம் 2011-ல் ஷெவ்ரானுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தொகை பின்னர் சுமார் 950 கோடி டாலராக நின்றது. ஈக்வடாரில் பிடிக்கிற மாதிரி அந்த நிறுவனத்துக்குச் சொத்து இல்லை. 2014-ல் நியூயார்க் நீதிபதி ஒருவர் லஞ்சம், மோசடி மூலம் பெறப்பட்ட தீர்ப்பு அது என்று முடிவு செய்தார். வழக்காடிகள் கனடாவுக்குப் போனார்கள். மனுவைக் கேட்கலாம் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2015-ல் கதவைத் திறந்தது. உள்ளே போனால், கனடாவில் உள்ள துணை நிறுவனத்தின் சொத்து தாய் நிறுவனத்தின் சொத்து ஆகாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. வழக்கறிஞர்கள் செய்த தில்லுமுல்லை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மண்ணும் தண்ணீரும் கெட்ட மக்களுக்கு எந்த நாட்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. மோசடியைத் தள்ளினால் போதுமா, மறுவிசாரணைக்கு ஒரு இடம் வேண்டாமா என்பதற்கு இன்றைய ஏற்பாட்டில் பதிலே இல்லை.

எனக்கு வேடிக்கையாகப் படுவது நடுவர் தீர்ப்பு. இரு தரப்பும் காசு கொடுத்து அமர்த்திய தனியார் நடுவர் எழுதிக் கொடுத்த தீர்ப்பு 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின் கீழ் 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏற்கத்தக்கது. அரசு சம்பளம் வாங்கும் நீதிபதி, மேல்முறையீடு எல்லாம் முடித்து எழுதிய தீர்ப்புக்கு அந்த வசதி இல்லை. வியாபார ஒப்பந்தம் போடுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் நடுவர் மன்ற ஷரத்தை விடாமல் சேர்ப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பெரிய கம்பெனிக்கு அது சரி, கட்டணம் கட்டும். நடுவருக்கே லட்சக்கணக்கில் கொடுக்க முடியாத சின்ன வியாபாரி கோர்ட்டுக்குத்தான் போவார், அவர் தீர்ப்புதான் எல்லையில் நிற்கும்.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2015 ஜனவரியிலிருந்து ஒரு நாட்டு சிவில் தீர்ப்பை நிறைவேற்ற இன்னொரு நாட்டில் தனி அனுமதி வேண்டாம். தீர்ப்பு நகலையும் அதற்கான சான்றிதழையும் கொண்டுபோய் நிறைவேற்று அதிகாரியிடம் நேரே கொடுக்கலாம். எதிராளிக்கு ஆட்சேபம் இருந்தால் அவர்தான் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். யார் ஓடுவது என்பதை மாற்றியதுதான் அந்த விதியின் சாமர்த்தியம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்ததும் இந்த வசதியை இழந்தது.

உலக அளவில் வந்திருப்பது 2019 ஹேக் தீர்ப்புகள் ஒப்பந்தம். 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் உக்ரைனுக்கும் இடையே அமலுக்கு வந்தது. பிறகு உருகுவே சேர்ந்தது, 2025 ஜூலையில் பிரிட்டனுக்கும் அமலானது. அமெரிக்கா 2022-ல் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது. அவதூறு, அந்தரங்க உரிமை, அறிவுசார் சொத்து, குடும்ப வழக்கு எல்லாம் இதில் வராது. வந்தவரை லாபம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதன் 29-ஆவது பிரிவைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. ஒப்பந்தத்தில் சேரும் நாடு, தனக்குப் பிடிக்காத இன்னொரு உறுப்பு நாட்டின் பெயரைக் குறிப்பிட்டு, இவரோடு மட்டும் எங்களுக்கு இந்த உறவு வேண்டாம் என்று அறிவிக்கலாம். எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ஊழல் மலிந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகள் வந்து குவிந்துவிடும் என்ற பயத்துக்கு இது மருந்தாம். மோசடி, முறையற்ற சம்மன், பொதுக் கொள்கை என்று தள்ளுவதற்கான காரணங்கள் அதே ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு தீர்ப்பையும் எடுத்து அந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் போதாதா? நாட்டின் பெயரைப் பார்த்தே கதவைச் சாத்துவதற்கு எதற்கு இன்னொரு பிரிவு?