காசு கட்டிப் போற வேட்டையும் நாமளே தேடிப் போற வேட்டையும்

போன வாரம் நம்ம தமிழ் க்ரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தார், டெக்சாஸ்ல மூணு நாள் மான் வேட்டை பேக்கேஜ் இருக்கு, தங்குற இடம், சாப்பாடு, கைடு, கடைசில கறியை வெட்டி பேக் பண்ணிக் கொடுக்கிறது வரைக்கும் அவங்களே பாத்துக்குவாங்க, ஆளுக்கு சில ஆயிரம் டாலர் ஆகும், போலாமான்னு. கீழ நிறைய பேர் நானும் வரேன் நானும் வரேன்னு போட்டிருந்தாங்க. நான் பதில் எழுத ஆரம்பிச்சு அது ரொம்ப நீளமாயிடுச்சு, அதான் தனிப் பதிவா போடுறேன். என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். அந்தக் காசைக் கட்டாதீங்க. நீங்க இருக்கிற மாநிலத்துலயே லைசன்ஸ் எடுத்து பொது நிலத்துல நீங்களே தேடிப் போங்க. முதல் வருஷம் ஒண்ணும் கிடைக்காம போகலாம், அடுத்த வருஷமும் அப்படியே போகலாம், ஆனா அதுல கிடைக்கிற திருப்தி அந்த மூணு நாள் பேக்கேஜ்ல கிடைக்கவே கிடைக்காது.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். நான் பேசுறது முழுக்க அமெரிக்கா பத்தி, அதுவும் நான் இருக்கிற பென்சில்வேனியா பத்தி. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அது அப்படித்தான் இருக்கணும். இங்க கதை வேற. 1900 வாக்குல இந்த மாநிலத்துல மானே கிட்டத்தட்ட இல்லாத நிலைமை, வேற மாநிலங்கள்ல இருந்து வாங்கிட்டு வந்து விட்டாங்க. இப்போ சில பகுதிகள்ல காட்டுல புதுசா முளைக்கிற ஓக் கன்றைக்கூட தலை தூக்க விடாம மேயுற அளவுக்கு பெருகிடுச்சு. அதனால ஏரியா வாரியா எத்தனை பெட்டை மான் லைசன்ஸ் கொடுக்கலாம்னு வருஷா வருஷம் கணக்குப் போட்டு அரசாங்கமே கொடுக்குது.

சரி, பேக்கேஜ்ல என்னதான் தப்பு? டெக்சாஸ்ல 90 சதவீதத்துக்கும் மேல தனியார் நிலம், பொது நிலம் ரொம்பக் கம்மி. அதனால அங்க வேட்டைன்னாலே பெரும்பாலும் ஒரு பண்ணைக்காரர்கிட்ட காசு கொடுத்துத்தான் உள்ள போகணும். உள்ள போனா டைமர் வச்ச டப்பா ஒண்ணு நிக்கும், தினமும் அதே நேரத்துக்கு மக்காச்சோளத்தை சுத்தி வீசும், மானுங்க அந்த சத்தத்துக்கே பழகி வந்து நிக்கும். அங்க அது சட்டப்படி சரி. நீங்க கொஞ்ச தூரத்துல ஒரு மறைவான பெட்டிக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்திருப்பீங்க. பக்கத்துல கைடு பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இது வேண்டாம், இது சின்னது, இருங்க, இடது பக்கம் வருதே அது, இப்போ சுடுங்கம்பார். நீங்க சுடுவீங்க. போட்டோ எடுப்பாங்க. குடல் எடுக்கிறது, தோல் உரிக்கிறது, வெட்டுறது எல்லாம் வேற ஆளுங்க.

இதுல வேட்டைன்னு ஒண்ணு நடந்திருக்குன்னா அதைச் செஞ்சது கைடுதான். எந்த மான் எந்தப் பக்கத்துல இருந்து வரும், எந்தக் காத்துக்கு எந்தப் பெட்டியில உக்காரணும், எந்த ஆண் மானுக்கு என்ன வயசு, இதெல்லாம் வருஷம் பூரா அலைஞ்சு அவர் சேத்து வச்ச அறிவு. அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, மரியாதைதான் இருக்கு. ஆனா சுடுறதுங்கிறது இந்த மொத்த வேலையில ரெண்டு செகண்ட். அந்த ரெண்டு செகண்டை மட்டும் ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்கிட்டு, மிச்சம் இருக்கிற முழு வேட்டையையும் வேற ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்துட்டு வர்றீங்க.

பென்சில்வேனியாவுல ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்னு சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கு, 1920ல இருந்து வேட்டைக்காரங்க லைசன்ஸ் காசுலதான் முக்கியமா வாங்கிச் சேத்த நிலம், நீங்க நான் யார் வேணா நடந்து போலாம். இங்க குடியிருக்கிறவங்களுக்கு வருஷ லைசன்ஸ் 21 டாலருக்குள்ள, பெட்டை மானுக்கு தனி லைசன்ஸ் 7 டாலருக்குள்ள. முதல் தடவை எடுக்கிறவங்க பாதுகாப்பு வகுப்பு முடிச்சிருக்கணும். அவ்வளவுதான் நுழைவுக் கட்டணம்.

அதுக்கப்புறம் இருக்கு பாருங்க, அதுதான் விஷயம். முதல் தடவை காட்டுக்குள்ள போறப்போ எல்லாமே ஒரே மாதிரி தெரியும், மரம், சருகு, பாறை, மறுபடியும் மரம். போகப் போகத்தான் கண்ணு திறக்கும். கை தடிமன் மரத்துல ஒரு பக்கம் மட்டும் பட்டை உரிஞ்சு வெள்ளையா தெரியும், ஆண் மான் கொம்பை உரசின இடம் அது, எந்தப் பக்கம் உரிஞ்சிருக்குன்னு பாத்தா அது எந்தத் திசையில இருந்து வந்திருக்குன்னு ஒரு யோசனை கிடைக்கும். கொஞ்சம் தள்ளி தரையில சருகை குளம்பால சீய்ச்சு மண் தெரியிற மாதிரி ஒரு வட்டம் போட்டு அதுல மூத்திரம் பெய்ஞ்சு வச்சிருக்கும், அதுக்கு நேர் மேல தொங்குற கிளை நுனியை கடிச்சு முகத்தை தேய்ச்சு வச்சிருக்கும். புழுக்கை பளபளன்னு ஈரமா இருந்தா இப்போதான் போயிருக்கு. படுத்து எழுந்த இடத்துல சருகு அமுங்கி முட்டை வடிவத்துல குழிஞ்சு கிடக்கும், அந்தக் குழியில நீங்களே உக்காந்து பாருங்க, ஏன் இங்க படுத்துச்சுன்னு புரியும். முதுகுக்குப் பின்னாடி இருந்து காத்து வரும், முன்னாடி கீழ பள்ளம் பூரா கண்ணுக்குத் தெரியும், பின்னாடி வர்றது எதுவா இருந்தாலும் மூக்குல பிடிச்சிடும், முன்னாடி வர்றதை கண்ணாலயே பாத்துடும்.

இதை எந்த கைடும் எனக்குச் சொல்லல, அந்தக் குழியில உக்காந்ததுல தெரிஞ்சுது. அந்த நிமிஷத்துல எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கையில துப்பாக்கி கூட இல்ல அப்போ.

ஓக் கொட்டை விஷயமும் அப்படித்தான். வெள்ளை ஓக்கோட கொட்டையில துவர்ப்பு கம்மி, சிவப்பு ஓக்ல அதிகம். வெள்ளை ஓக் கொட்டை விழுற வருஷத்துல மான் அதைத்தான் முதல்ல தேடும், அது தீந்தப்புறம்தான் சிவப்பு ஓக் பக்கம் வரும். இலையைப் பாத்தே சொல்லலாம், நுனி உருண்டையா இருந்தா வெள்ளை, முள்ளு மாதிரி கூர்மையா இருந்தா சிவப்பு. ஒரு முகட்டுல எந்த மரம் இந்த வருஷம் காய்ச்சிருக்குன்னு செப்டம்பர்லயே போய் அண்ணாந்து பாத்து வச்சுக்கிட்டா அக்டோபர்ல எங்க உக்காரணும்னு பாதி தெரிஞ்சிடும்.

காத்து இதைவிட பெரிய பாடம். காலையில வெயில் ஏற ஏற மலைச்சரிவுல காத்து மேல ஏறும், சாயங்காலம் குளிர ஆரம்பிச்சதும் அதே காத்து பள்ளத்தைப் பாத்து இறங்கும். வானிலை ஆப்ல மேற்குக் காத்துன்னு போட்டிருக்கும், ஆனா நீங்க நிக்கிற ஓடைக்கரையில அது சுத்திச் சுத்தி அடிக்கும். நம்ம வாடை ஒரு தடவை போச்சுன்னா புஷ்னு ஒரு மூச்சு, வெள்ளை வாலைத் தூக்கிட்டு போயிடும், அன்னைக்கு அந்தப் பக்கம் அவ்வளவுதான். அந்த புஷ் சத்தத்தைக் கேட்டு கேட்டுத்தான் ஒரு மலையோட காத்து எனக்கு பழக்கமாச்சு. ஒரு சின்ன பொடி டப்பா வச்சிருக்கேன், அழுத்தினா பொடி எந்தப் பக்கம் மிதந்து போகுதுன்னு பாத்துட்டுத்தான் பரணுக்கு மரம் பாப்பேன்.

இங்க ரைஃபிள் சீசன் 2019ல இருந்து, நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச சனிக்கிழமை தொடங்குது, அதுக்கு முன்னாடி திங்கக்கிழமையா இருந்துச்சு. அப்படி ஒரு சீசன்ல பீச் மரங்கள் நிறைஞ்ச ஒரு சரிவுல இருந்தேன். பீச் மரம் குளிர்காலத்துலயும் காஞ்ச இலையை உதிர்க்காம வச்சிருக்கும், அந்த வெளுத்த இலைகளுக்குப் பின்னாடி ஒரு ஆண் மான் வந்து நின்னுச்சு. சட்டப்படி பெரும்பாலான இடங்கள்ல ஒரு பக்கக் கொம்புல குறைஞ்சது மூணு முனை இருக்கணும், 2002ல வந்த விதி. ரெண்டு முனை நல்லா தெரியுது, மூணாவது இருக்கா இல்ல பின்னாடி இருக்கிற குச்சியான்னு தெரியல. பைனாகுலரை இறக்கவே இல்ல, மூச்சுல கண்ணாடி மங்குது, அது தலையைத் திருப்பவே மாட்டேங்குது. அப்படியே லாரல் புதருக்குள்ள இறங்கிப் போயிடுச்சு. நான் சுடல. பக்கத்துல கைடு இருந்திருந்தா மூணு இருக்கு சுடுங்கன்னு சொல்லியிருப்பார், இல்ல வேண்டாம்னு சொல்லியிருப்பார், அது அவர் முடிவா இருந்திருக்கும். அன்னைக்கு அது என் முடிவு. வெறுங்கையோட மலை இறங்கி வந்த அந்த நாள் எனக்கு இன்னைக்கும் முழுசான வேட்டை நாள்தான்.

அப்புறம் எனக்குக் கிடைச்ச மான்கள்ல நான் ரொம்ப பெருமைப்படுறது ஒரு பெட்டை மானை. கொம்பு கிடையாது, செவுத்துல மாட்ட ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு முகட்டுக்கு நடுவுல இருக்கிற ஒரு தாழ்வான கணவாய் வழியாத்தான் மானுங்க கடந்து போகும்னு மேப்ல பாத்து நானா போட்ட கணக்கு, வடமேற்குக் காத்து அடிக்கிற நாளுக்காக காத்திருந்து போனேன், நினைச்ச திசையில இருந்தே வந்துச்சு. சுட்டதும் ஓடி மறைஞ்சிடுச்சு. சருகு மேல ரத்தம் வெளிர் சிவப்பா நுரையோட இருந்துச்சு, அப்படின்னா நுரையீரல். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல்ல பட்டிருக்கலாம், பச்சையா நாத்தத்தோட இருந்தா குடல், அப்போ பல மணி நேரம் விட்டுட்டுத்தான் தேடிப் போகணும், இல்லன்னா படுக்க வேண்டியதை எழுப்பி ஓட விட்டு அது கஷ்டப்பட்டு எங்கேயோ போய்ச் சாகும். கொஞ்ச தூரத்துலயே கிடந்துச்சு. பக்கத்துல மண்டி போட்டு அதோட கழுத்துல கை வச்சேன், இன்னும் சூடா இருந்துச்சு. ஒரு உயிரை எடுத்திருக்கோம்ங்கிற கனம் அப்போ நல்லாவே தெரியும், அது தெரியணும்னுதான் நான் நினைக்கிறேன். இடத்தை விட்டு நகத்துறதுக்கு முன்னாடி லைசன்ஸோட கொடுக்கிற டேக்ல பேனாவால எழுதி காதுல கட்டணும், அப்புறம் வயித்தைக் கீறி குடலெடுக்கணும், கைமுட்டி வரைக்கும் உள்ள விட்டு மூச்சுக்குழாயை அறுக்கணும், அப்புறம் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு ஏத்தம் ஏறணும். வேர்வையில நனைஞ்சு வண்டிக்கு வந்து சேந்தப்போ இருட்டிடுச்சு.

கறியும் நானே வெட்டுறேன். முதுகுக்கறியில இருக்கிற வெள்ளிச் சவ்வை கத்தியைப் படுக்க வச்சு உரிச்சு எடுக்கணும், மான் கொழுப்பு வாயில ஒட்டும், அதையும் எடுத்துடணும். மிளகு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் போட்டு சுக்கா மாதிரி சட்டுனு பிரட்டினா போதும், ரொம்ப நேரம் விட்டா செருப்பு மாதிரி ஆயிடும். தொடைக்கறி, முன்னங்கால் கறியை நிதானமா குழம்பா வைக்கலாம். இது எந்த மலையில எந்த மரத்தடியில கொட்டை தின்ன மான்னு என் பொண்ணுக்குத் தெரியும், சாப்பிடுறப்போ அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுவா.

எல்லா கைடு வேட்டையும் வேண்டாம்னு சொல்லல. சில இடத்துல சட்டமே கேக்குது, வயோமிங்ல வெளிமாநிலக்காரங்க வில்டர்னஸ்னு அறிவிச்ச காட்டுக்குள்ள பெரிய விலங்கு வேட்டைக்குப் போகணும்னா கைடு இருந்தாகணும். வயசானவங்க, உடம்பு முடியாதவங்க இருக்காங்க, அவங்க ஆசைப்பட்டா தாராளமா போகட்டும். உண்மையிலேயே கத்துக் கொடுக்கிற கைடு கிடைச்சா அது வாத்தியார்கிட்ட போற மாதிரி, அது வேற. எனக்குப் பிரச்சினை, முப்பது வயசுல நல்லா நடக்கக்கூடிய ஆளுங்க, வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துல பொது நிலம் இருக்கிறவங்க, முதல் வேட்டையையே பேக்கேஜா எடுக்கிறதுதான்.

மானை உள்ள அடைச்சு உயர வேலி போட்ட பண்ணை பத்தி மட்டும் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். கொம்பு எத்தனை இஞ்சுன்னு அளந்து விலைப்பட்டியல் போட்டு விக்கிறாங்க. பின்னாடி அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் எல்லாம் சேந்து 1887ல ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ராக்கெட்ங்கிற வேட்டைக்காரங்க கிளப், மான் தப்பிக்க முடியாத வேலிக்குள்ள சுட்டதை பெரிய கொம்புகளுக்கான தன்னோட ரெக்கார்ட்ல ஏத்துக்கிறதே இல்ல. தப்பிக்க வழியே இல்லாத ஒண்ணை சுடுறதை நான் வேட்டைன்னு சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, சிடபிள்யூடின்னு மானோட மூளையை அரிக்கிற நோய், பென்சில்வேனியாவுல 2012ல முதல்ல தெரிஞ்சது ஆடம்ஸ் கவுன்ட்டில வேலிக்குள்ள வளந்த ஒரு மான்லதான். நோய் இருக்கிற பகுதியில நாங்க அடிக்கிற மானோட தலையை மாநிலத்தோட வேட்டைத் துறையான கேம் கமிஷன் வச்சிருக்கிற பெட்டியில போட்டா காசு வாங்காம டெஸ்ட் பண்ணிச் சொல்றாங்க. போடுங்க, சோம்பல் படாதீங்க.

பேக்கேஜ் வியாபாரத்துல பாதிக்கப்படுற இன்னொரு ஆளும் இருக்கார். இல்லினாய் மாதிரி இடங்கள்ல கம்பெனிங்க விவசாயிங்க நிலத்தை மொத்தமா குத்தகைக்கு எடுத்துடுறாங்க, அதுவரைக்கும் கதவைத் தட்டி கேட்டு வேட்டைக்குப் போயிட்டிருந்த உள்ளூர்க்காரருக்கு இடம் இல்லாம போயிடுது. நம்ம காசு நல்லதுக்குப் போகணும்னா அதுக்கு பேக்கேஜே தேவையில்ல, நீங்க லைசன்ஸ்க்கு கொடுக்கிற காசும், தோட்டா வாங்குறப்போ 1937 பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி அதுக்குள்ள அடங்கியிருக்கிற 11 சதவீத வரியும் வன உயிர்களுக்கே திரும்பப் போகுது.

ஹெச்1பி வேலை விசால இருக்கோம், துப்பாக்கி வச்சுக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. பொதுவா தடை, ஆனா மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை லைசன்ஸ் கையில இருந்தா ஃபெடரல் சட்டத்துல விலக்கு இருக்கு. உங்க மாநில விதியையும் சேத்துப் பாத்துக்கோங்க, சந்தேகம் இருந்தா வக்கீல்கிட்ட கேட்டுட்டே வாங்குங்க.

ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்க சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பனி உருகி இலை துளிர்க்கிறதுக்கு முன்னாடி மார்ச்ல நடந்தா போன சீசன்ல போட்ட தடம், உரசின மரம், படுத்த குழி எல்லாம் அப்படியே தெரியும், உதிர்ந்த கொம்பு கூட கிடைக்கலாம். நான் சென்ட்ரல் பென்சில்வேனியா பக்கம் கேம் லேண்ட்ஸ்ல நடக்கப் போறேன், வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க, அந்த பேக்கேஜ் கேட்ட தம்பியையும் கூப்பிட்டிருக்கேன். நல்ல பூட்ஸ் போட்டுட்டு வாங்க, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, இங்க உண்ணி ஜாஸ்தி, லைம் நோய் வரும்.