அம்மாவுக்கு ஒரு போன் வாங்க ஒன்பது நாளு, இது என்னங்க அநியாயம்

ஒன்பது நாளா ராத்திரி பன்னெண்டு ஒரு மணி வரைக்கும் ரெண்டே ரெண்டு போனை மாத்தி மாத்தி பார்த்துட்டு இருந்தேன். வயித்தெரிச்சல் தாங்காமத்தான் இதை எழுதுறேன், கோவமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

அம்மா லால்குடில தனியா இருக்காங்க. வயசு 63. நான் ஓசூர்ல வேலை, மாசம் ஒருக்கா ஊருக்கு வந்தா பெரிய விஷயம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது அந்த ஒரு போன்தான். 2021ல 9,500 ரூபாய்க்கு வாங்கிக் குடுத்தது, 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். ரெண்டே வருஷத்துல படுத்துருச்சு. போன் அடிக்கும், இவங்க எடுக்கறதுக்கு இழுப்பாங்க, ஸ்கிரீன் அப்படியே நிக்கும், கட்டாயிடும். திருப்பி கூப்பிடலாம்னா டயல் பண்ற பக்கம் திறக்கவே அரை நிமிஷம். போன மாசம் ரெண்டு நாள் லைனே கிடைக்கல, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னேன், அந்தப் பத்து நிமிஷம் என்னென்னமோ நினைச்சுட்டேன். அம்மா நல்லாத்தான் இருந்தாங்க, போன்தான் ஆன் ஆகாம லோகோலயே நின்னுட்டு இருந்துச்சு.

ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, அதுல போட்டிருந்தது இஎம்எம்சின்னு சொல்ற மெதுவான ஸ்டோரேஜ். ஒத்தையடிப் பாதை மாதிரி, ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும் இல்லைன்னா எழுதும், ரெண்டும் சேர்ந்து முடியாது. யுஎஃப்எஸ்னு இன்னொண்ணு இருக்கு, அது ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யும். போன் மூணு வருஷம் கழிச்சும் ஓடுமா திணறுமாங்கிறதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. இது பெட்டியில இல்ல, பேனர்ல இல்ல, கடைக்காரர் வாயிலயும் வரல. "32 ஜிபி"ன்னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருந்தான், அதுலயும் பாதி சிஸ்டமே சாப்பிட்டுருச்சு.

அதனால இந்தத் தடவை ஒழுங்கா பார்த்து வாங்கிடணும்னு உக்காந்தேன். பட்ஜெட் 18 ஆயிரம். வடிகட்டி வடிகட்டி கடைசியில ரெண்டு நின்னுச்சு. கம்பெனி பேரெல்லாம் வேணாம், ஒண்ணு கருப்பு, இன்னொண்ணு நீலம்னு வச்சுக்கோங்க. அம்மாவுக்கு வேண்டியது என்ன? ரிங் சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்கணும், திண்ணையில உக்காந்து பார்த்தா பகல்ல எழுத்து தெரியணும், சார்ஜ் ரெண்டு நாள் நிக்கணும், சட்டுனு திறக்கணும், நாலஞ்சு வருஷம் படுத்தாம ஓடணும். இவ்வளவுதாங்க. இதுல ஒண்ணுக்காவது நேரா பதில் கிடைக்கும்னு நினைக்கிறீங்க? ஒண்ணுக்கும் கிடையாது.

பேரைப் பார்த்தாலே தலை சுத்துது. ஒரே பேர்ல 4ஜி ஒண்ணு, 5ஜி ஒண்ணு. உள்ள சிப் வேற, ஸ்கிரீன் வேற, கேமரா வேற, பேரு மட்டும் ஒண்ணு. அதுக்கு அப்புறம் ப்ளஸ்சு, ப்ரோ, ப்ரோ ப்ளஸ்சு, லைட்டு. நான் நாலு நாள் படிச்ச ஒரு விமர்சனம், அஞ்சாவது நாள்தான் தெரியுது, அது நான் பார்த்துட்டு இருந்த போனே இல்ல, வாலுல ஒரு எழுத்து விட்டுப்போன இன்னொரு போன். வேலைக்குப் போயிட்டு வந்து கண்ணு எரிய எரிய படிச்ச நாலு நாள் சாமி அது.

அப்புறம் இந்த நம்பர் கணக்கு. 108 மெகாபிக்சல் கேமராங்கிறான். சும்மா எடுத்தா ஒன்பது பிக்சலை ஒண்ணா சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் வரும், 50ன்னு போட்டிருந்தா நாலை ஒண்ணாக்கி பன்னெண்டரை. அது தப்பில்ல, இருட்டுல படம் நல்லா வர்றதுக்கான வழிதான் அது. ஆனா அதைச் சொல்லி விக்க மாட்டேங்கிறானே. பக்கத்துல கிட்டக்க வச்சு எடுக்கிறதுக்குன்னு ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் ஒட்டி வச்சிருப்பான், அதுல எடுத்த படத்தை யாராவது ரெண்டாவது தடவை பார்த்திருக்கீங்களா? பின்னாடி மூணு வட்டம் தெரியணும், அதுக்காக ஒரு லென்ஸ். ரேம் அதைவிட மோசம். "8+8, மொத்தம் 16 ஜிபி ரேம்"ன்னு எழுதுறான். அந்த ரெண்டாவது எட்டு ரேமே கிடையாதுங்க, நம்ம ஸ்டோரேஜ்ல இருந்து ஒரு மூலையைக் கடன் எடுத்து ரேம்னு பேர் வைக்கிறது. ரேமோட வேகத்துக்கு அது பக்கத்துலகூட வராது. கால் கிலோ தக்காளியை அரை கிலோன்னு சொல்லி வித்தா தராசைத் தூக்கிட்டுப் போற சட்டம் இருக்கிற ஊர்ல, இதை மட்டும் எப்படி பெட்டி மேலயே அச்சடிச்சு விக்க விடுறாங்க?

வெளிச்சமும் அப்படித்தான். ஸ்கிரீன் வெளிச்சத்தை அளக்கிற நிட்ஸ்ங்கிற கணக்குல ஆயிரக்கணக்குல போட்டிருப்பான், அது ஸ்கிரீன்ல ஒரு சின்ன இடத்துல, கொஞ்ச நேரத்துக்கு, ஏதோ ஒரு வீடியோ ஓடும்போது வர்ற உச்சம். முழு ஸ்கிரீனும் வெயில்ல எவ்வளவு தரும்ங்கிறது வேற நம்பர், அதைத் தோண்டித்தான் எடுக்கணும். எங்கம்மாவுக்குத் திண்ணையில வாட்ஸ்அப் எழுத்து தெரியணும்யா, உன் உச்சத்தை வச்சு நான் என்ன பண்றது?

சரி, யூடியூப்ல பார்ப்போம்னா பெட்டியைக் கிழிக்கிறதுக்கே மூணு நிமிஷம். அப்புறம் கேம். எங்கம்மா எந்த கேம் ஆடப் போறாங்க? கால் தெளிவா கேக்குமா, சிக்னல் கம்மியான வீட்டுக்குள்ள எப்படி, ரிங்டோன் எவ்வளவு சத்தம், ஒருத்தர், ஒரே ஒருத்தர் அதைப் போட்டுக் காட்டல. போன் கைக்கு வந்து மூணாவது நாள் விமர்சனம் போடுறவருக்கு மூணாவது வருஷம் என்ன ஆகும்னு எப்படி தெரியும்? சும்மா வந்த போனா இருந்தா அதைச் சொல்லிட்டுத்தான் பேசணும்னு 2023 ஜனவரியில நுகர்வோர் துறை வழிமுறையே வெளியிட்டிருக்கு. எத்தனை பேர் வீடியோல தெளிவா சொல்றாங்க? கீழ குறிப்புல, "மேலும்"னு அமுக்குனாதான் தெரியுற இடத்துல ஒரு வரி.

விலைக்கு வருவோம், என் ரத்தம் கொதிக்கிற இடம் இது. கருப்பு போன் "வெறும் 14,999". பக்கத்துல பொட்டு மாதிரி ஒரு நட்சத்திரம். உள்ள போனா 17,999. குறிப்பிட்ட ஒரு பேங்க் கிரெடிட் கார்டு இருந்தா 1,500 குறையும், பழைய போனைக் குடுத்தா எக்ஸ்சேஞ்ச் போனஸ் 1,500 குறையும், அதுவும் அந்தப் பழைய போன் அவங்க லிஸ்ட்ல இருக்கணும். கிரெடிட் கார்டு வச்சிருக்கிறவனுக்கு ஒரு விலை, ரொக்கமா உழைச்ச காசை எடுத்துட்டு வர்றவனுக்கு ஒரு விலை. ஏன்? என்ன தப்பு பண்ணோம் நாங்க? நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத மாசத் தவணைன்னு ஒண்ணு. வட்டியே இல்லைன்னு எதுவும் கிடையாது, வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் பேங்க் 2013 செப்டம்பர்லயே சொல்லியாச்சு. வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி மாதிரி காட்டிட்டு, பேங்க் அந்த வட்டியை வாங்கிக்கும், வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, எனக்குக் காட்டுனதுல பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. இதுல மேல ஒரு கடிகாரம் வேற, "ஆஃபர் முடிய 2 மணி நேரம் 14 நிமிஷம்". அதைப் பார்த்துப் பதறி அன்னைக்கு ராத்திரி தங்கச்சிக்கெல்லாம் போன் போட்டு எழுப்பி கேட்டேன். மறுநாள் திறந்தா அதே கடிகாரம், அதே ஆஃபர், திரும்ப மொதல்லேர்ந்து ஓடுது. இப்படி பொய்யா அவசரப்படுத்துறது உட்பட 13 தந்திரத்தைப் பட்டியல் போட்டு, செய்யக்கூடாதுன்னு 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கு. சொல்லியிருக்கு. கடிகாரம் ஓடிட்டுதான் இருக்கு.

லீவு போட்டு ஊருக்கு வந்து, அம்மாவைக் கூட்டிக்கிட்டு திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி சிங்காரத்தோப்பு போனோம். கையில வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்னு நம்பிக்கை. எங்கங்க கையில வைக்கிறது, ரெண்டு போனும் ஒயர்ல கட்டிக் கிடக்கு, தூக்குனா ஒரு சாண் வரும். வாசல் வெயில்ல ஒரு நிமிஷம் பார்த்துக்கிறேன்னு கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. டியூப்லைட்டுக்குக் கீழ எல்லா ஸ்கிரீனும்தான் பளபளன்னு இருக்கும்.

அங்க ஒரு பையன் நின்னான், இருவது இருவத்தொண்ணு வயசிருக்கும், அந்தக் கடையில எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆளு அவன்தான். "அண்ணே, அம்மாவுக்கா? கருப்புல போனைத் திறக்க விரலை ஸ்கிரீன்லயே வைக்கணும், நீலத்துல சைடு பட்டன்ல. என் போனும் ஸ்கிரீன் சென்சார்தான், அம்மா விரலை வச்சுப் பாருங்க"ன்னு அவனோட சொந்த போனை எடுத்து, செட்டிங்ஸ் போய், புது விரல் சேர்க்கிற பக்கத்தைத் திறந்து குடுத்தான்.

அம்மா கட்டைவிரலை வச்சாங்க. எடுக்கல. புடவைத் தலைப்புல துடைச்சிட்டு வச்சாங்க. எடுக்கல. "கொஞ்சம் அழுத்தி வைங்கம்மா"ன்னான், வாயில ஊதிட்டு வைக்கச் சொன்னான், ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னான். அந்தப் பச்சை வெளிச்சம் விரலுக்குக் கீழ மின்னி மின்னி அணைஞ்சுதே தவிர ஒரு கோடுகூட நிரம்பல. முப்பது வருஷமா தையல் மெஷின்ல துணியைத் தள்ளித் தள்ளி, நூலை இழுத்து இழுத்து அம்மாவோட விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருச்சு, ஊசி குத்துன புள்ளிதான் இருக்கு, ரேகை இல்ல. "ரேஷன் கடை மெஷின்லயும் இப்படித்தான் தம்பி, கண்ணைக் காட்டுன்னு சொல்லிருவாங்க"ன்னு சொல்லிட்டுக் கையை மடியில மறைச்சுக்கிட்டாங்க. ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி. எனக்கு அந்த இடத்துல வந்த கோவம் இன்னும் அடங்கல. ஒன்பது நாள்ல எத்தனை பக்கம் படிச்சேன், எத்தனை வீடியோ பார்த்தேன், உழைச்சுத் தேய்ஞ்ச விரலுக்கும் காய்ஞ்ச விரலுக்கும் இந்த சென்சார் தகராறு பண்ணும்னு ஒருத்தன் வாயைத் திறந்தானா? தையக்காரங்க, கொத்தனாரு, பாத்திரம் தேய்க்கிறவங்க இவங்கெல்லாம் போன் வாங்கலியா? இவங்க காசு காசில்லையா?

நீலத்துல பாதி நாள் பின் நம்பர் போட வேண்டியிருந்தாலும் சைடு பட்டன் பத்துக்கு ஆறேழு தடவையாவது எடுக்கும்னு பையன் சொன்னான். ஆனா நீலத்துல எல்சிடி வகை ஸ்கிரீன், வெயில்ல மங்கும். கருப்புல அமோலெட் வகை, வெயில்ல நல்லா தெரியும். அமோலெட்டுக்கும் ஒரு பயம் இருக்கு. என் மச்சான் போன்ல ஒரு நாள் காலையில அப்டேட் போட்டான், சாயந்திரம் ஸ்கிரீன் நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பச்சைக் கோடு. வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம். சர்வீஸ் சென்டர்ல 6,800 ரூபாய் கேட்டாங்க, 17 ஆயிரம் ரூபா போனுக்கு. சரி, வாங்கறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன் மாத்த என்ன செலவாகும்னு கேட்டுக்கலாம்னு கடையில கேட்டா, "அதெல்லாம் சர்வீஸ்லதான் கேக்கணும் சார்". சர்வீஸ்ல கேட்டா, "போனைக் கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றோம்". வாங்காத போனை எங்கேருந்து கொண்டு வர்றது?

ஐரோப்பாவுல 2025 ஜூன் 20லேர்ந்து ஒவ்வொரு போனுக்கும் லேபிள் ஒட்டணும். ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் தாங்கும், கீழ விழுந்தா எப்படி, ரிப்பேர் பண்றது லேசா கஷ்டமா, எல்லாம் அதுல இருக்கணும். 800 தடவை சார்ஜ் போட்ட பிறகும் பேட்டரி 80 சதவீதம் நிக்கணும், விக்கிறதை நிறுத்துன பிறகும் ஏழு வருஷம் ஸ்பேர் கிடைக்கணும், அஞ்சு வருஷம் அப்டேட் குடுக்கணும். அங்க விக்கிற பல கம்பெனிதான் இங்கயும் விக்குது. நம்ம ஊர்ல ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் இருக்கு, ஏசிக்கு ஸ்டார் இருக்கு, படிக்காதவங்ககூட எண்ணிப் பார்த்து வாங்குறாங்க. போனுக்கு மட்டும் ஏன் இல்ல? ரிப்பேர் பண்றது எவ்வளவு லேசுன்னு மார்க் போடுற ரிப்பேர் குறியீட்டுக்கு 2024 செப்டம்பர்ல மத்திய அரசு குழு போட்டுச்சு. அந்த மார்க்கு கடையில ஒரு பெட்டி மேலகூட இல்லையே. ஜிஎஸ்டியை மட்டும் 2020 ஏப்ரல்ல 12லேர்ந்து 18 ஆக்க முடிஞ்சுது.

கடைசியில முடிவு பண்ணது அம்மாதான். "வெயில்ல தெரியலன்னா உள்ள போய் பார்த்துக்கிறேன்டா, திறக்கவே இல்லைன்னா நான் எங்க போறது"ன்னாங்க. நீலத்தையே வாங்கிட்டோம், 17,499, ரொக்கம், கார்டு இல்லாததால தள்ளுபடி ஒரு பைசா இல்ல.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிச்சா சார்ஜர் இல்ல. பெட்டிக்குப் பின்னாடி எறும்பு மாதிரி எழுத்துல உள்ள என்னென்ன இருக்குன்னு போட்டிருக்கான், கேபிள் மட்டும். கடையில அவ்வளவு நேரம் நின்னோம், கவர், கிளாஸ், இன்சூரன்ஸ்னு அத்தனையும் தலையில கட்டப் பார்த்தாங்களே, இதை ஒருத்தர் சொல்லல. பழைய போன் சார்ஜர் இருக்கேன்னு அம்மா எடுத்துட்டு வந்தாங்க, கேபிளோட ரெண்டு நுனியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ரெண்டு பக்கமும் சின்னதாவே இருக்கே தம்பி, இதை எதுல செருகுறது?"ன்னு கேக்குறாங்க. போன்ல 38 சதவீதம் காட்டுது. எனக்கு ஒன்பது மணிக்கு ஓசூர் பஸ்ஸு.